அறுவை சிகிச்சைக்கு முன், தொலைவிலிருந்து

தேதி குறித்துச் செய்யும் எந்த அறுவை சிகிச்சைக்கும் முன்னால் மயக்கவியல் மருத்துவர் ஒருவர் நோயாளியைப் பார்க்கிறார். குடலிறக்கம், பித்தப்பைக் கல், கருப்பை நீக்கம், மூட்டு மாற்று என்று எதுவானாலும் இந்தக் கட்டம் உண்டு. மருத்துவமனை ஊழியர்கள் இதைப் பி.ஏ.சி. என்பார்கள், நோயாளியின் வீட்டார் ‘ஃபிட்னஸ் வாங்குவது’ என்பார்கள். மயக்க மருந்தையும் அறுவையின் தாக்கத்தையும் இந்த உடல் தாங்குமா, தாங்குவதற்கு முன்கூட்டி எதைச் சரிசெய்ய வேண்டும், முழு மயக்கமா முதுகில் போடும் ஊசியா, இருக்கும் ஆபத்தை நோயாளிக்கு எப்படி விளங்கவைப்பது என்பவற்றை முடிவுசெய்யும் இடம் அது.

இங்கிலாந்தின் சவுத்எண்டில் பணியாற்றிய ஆல்ஃபிரட் லீ, மயக்கவியல் மருத்துவருக்கும் தனியாக ஒரு புறநோயாளிப் பிரிவு வேண்டும் என்று 1949-இல் எழுதினார். அறுவைக்கு முதல்நாள் மாலை வார்டில் பார்த்தால், கண்டுபிடித்த குறையைச் சரிசெய்ய நேரம் இருக்காது என்பது அவர் சொன்ன காரணம். ரத்தசோகையைச் சரிசெய்ய வாரங்கள் வேண்டும். கட்டுக்கடங்காத சர்க்கரைக்கும் அப்படியே. புகைப்பவர் அதை விடவும் வாரங்கள் வேண்டும். எவ்வளவு முன்னதாகப் பார்க்கிறோமோ அவ்வளவு பயன் என்ற கருத்து அங்கிருந்துதான் வேரூன்றியது. தொலைமருத்துவத்தின் வலுவும் இதிலேயே இருக்கிறது. நோயாளி வந்து சேரும்வரை காத்திருக்காமல், தேதி குறித்த வாரத்திலேயே மதிப்பீட்டைத் தொடங்க அது வழிசெய்கிறது.

தாம்பரத்தையும் அதைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகரையும் வைத்துப் பார்த்தால் இதன் தேவை விளங்கும். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் வழியாக ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவக் கல்லூரிகளும் பெரிய தனியார் மருத்துவமனைகளும் வரிசையாக இருக்கின்றன. மருத்துவமனைக்குப் பஞ்சமில்லை. அங்கே போய்ச் சேர்வதுதான் சிரமம். முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை பக்கத்திலிருந்து வருபவர் மேற்குத் தாம்பரத்தைக் கடக்க வேண்டும். அகரம்தென், வேங்கைவாசல், மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கத்தவர் வேளச்சேரிச் சாலையின் நெரிசலைத் தாண்ட வேண்டும். முழங்கால் தேய்ந்து மூட்டு மாற்றுக்குக் காத்திருக்கும் 68 வயதுப் பெண்ணுக்கு ஆட்டோவில் ஏறி இறங்குவதே வேதனை. அவர் ஒருமுறை வந்தால் போதாது. அறுவை மருத்துவரை ஒருநாள் பார்க்க வேண்டும், ரத்தப் பரிசோதனைக்கும் ஈ.சி.ஜி.க்கும் இன்னொரு நாள், சர்க்கரை மருத்துவரிடமோ இதய மருத்துவரிடமோ கருத்துக் கேட்க மற்றொரு நாள், கடைசியில் மயக்கவியல் மருத்துவர். ஒவ்வொரு முறையும் மகனோ மகளோ விடுப்பு எடுத்துக் கூட வர வேண்டும். தினக்கூலி வீட்டில் அந்த விடுப்புக்கு அன்றைய சம்பளமே விலை. இவற்றில் ஒரு பயணத்தையாவது மிச்சப்படுத்தும் முறையை வசதி என்ற கணக்கில் மட்டும் வைப்பது நியாயமாகாது.

சென்னைக்குத் தொலைமருத்துவம் புதிதல்ல. 2000 மார்ச் 24 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்ட அரகொண்டா கிராமத்தில் அப்பல்லோ நிறுவிய தொலைமருத்துவ மையத்தை அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் தொடங்கிவைத்தார். மறுமுனை சென்னையில் இருந்தது. சென்னையின் நரம்பியல் அறுவை மருத்துவர் கே. கணபதி அந்த முயற்சியின் முன்னோடிகளில் ஒருவர். அடுத்த சில ஆண்டுகளில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, தேனி வட்டாரத்துச் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்து, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய நெடுந்தூர வைஃபை இணைப்பின் மூலம் அவற்றைத் தன் மருத்துவமனையோடு இணைத்தது. மையத்தில் பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசி, யாருக்குக் கண்புரை அறுவை தேவை, யாருக்குக் கண்ணாடி போதும் என்று பிரிப்பார். அறுவைக்கு முந்தைய தேர்வைத் தொலைவிலிருந்து செய்வதில் தமிழ்நாடு கண்ட வெற்றிகளில் இது முக்கியமானது. மறுமுனையில் கை தேர்ந்த ஒருவர் இருந்ததே அதன் உயிர்நாடி.

மயக்கவியல் துறையில் முதல் சோதனைகளில் ஒன்று கனடாவில் நடந்தது. டொரன்டோவைச் சேர்ந்த டேவிட் வோங் குழுவினர், தொலைவூரில் இருந்த 10 நோயாளிகளை வீடியோ வழியாக மதிப்பிட்ட அனுபவத்தை 2004-இல் வெளியிட்டார்கள். 2013-இல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் 155 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை நேரிலும் மற்றதைத் திரையிலும் பார்த்தார்கள். தொலைவிலிருந்து பார்த்ததால் அறுவை தள்ளிப்போனதாகவோ ரத்தானதாகவோ தெரியவில்லை. தொண்டையில் குழாய் செலுத்துவது கடினமாக இருக்குமா என்ற கணிப்பும் இரண்டு பிரிவிலும் ஒத்தே இருந்தது. இவை சிறிய ஆய்வுகள். எல்லா நோயாளிக்கும் இது பொருந்தும் என்று இவற்றிலிருந்து சொல்லிவிட முடியாது.

இந்தியாவில் சட்டத் தெளிவு பிறந்தது 2020 மார்ச் 25 அன்று. நாடு தழுவிய முடக்கம் தொடங்கிய அதே நாளில் மருத்துவக் கவுன்சிலின் ஆட்சிக்குழு தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதலை வெளியிட்டது. பதிவுபெற்ற மருத்துவர் வீடியோ, குரல், எழுத்து என எந்த வழியிலும் நோயாளியைப் பார்க்கலாம் என்று அது சொன்னது. நேரில் பார்க்க வேண்டியவர் யார் என்று தீர்மானிக்கும் பொறுப்பையும் மருத்துவரிடமே விட்டது. அடுத்த மாதமே நோயாளி நேரடியாக மருத்துவரை அழைக்கும் இ-சஞ்சீவனி ஓ.பி.டி. சேவை தொடங்கியது. மொகாலியின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அந்தத் தளத்தைத் தொடக்கக் காலத்தில் அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

இனி, மதிப்பீட்டின் எந்தப் பகுதி தொலைபேசிக்குள் அடங்கும் என்று பார்க்கலாம்.

பெரும்பகுதி கேள்வி கேட்பதுதான். முன்பு மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்களா, அப்போது ஏதாவது தொல்லை வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது மயக்கத்தின்போது விபரீதம் நேர்ந்ததா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ஆஸ்துமா, வலிப்பு, நெஞ்சுவலி, ரத்தம் எளிதில் உறையாத குறை, காச நோய். இவற்றைக் கேட்க எதிரே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்து பேசும் நோயாளிக்குப் பழைய டிஸ்சார்ஜ் தாள் பீரோவில் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பது கூடுதல் நன்மை. மருத்துவமனைக்கு வரும் அவசரத்தில் மறந்துபோவது பெரும்பாலும் அந்தக் கோப்புதான்.

உடல் எவ்வளவு உழைப்பைத் தாங்கும் என்ற கேள்வியில் தொலைவு ஒரு குறையே அல்ல என்று எண்ண ஒரு பெரிய ஆய்வு இடம் தருகிறது. அறுவையின்போது இதயமும் நுரையீரலும் கூடுதலாக உழைக்க வேண்டும். ஓய்வில் உடல் எரிக்கும் ஆற்றலைப் போல நான்கு மடங்கு உழைக்க முடிந்தவருக்கு, அதாவது ஒரு மாடிப்படியை நிற்காமல் ஏற முடிந்தவருக்கு, ஆபத்து குறைவு என்பது பழைய கணக்கு. மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்துப் பேசி இதை ஊகித்துவந்தார்கள். 2018-இல் டொரன்டோவின் டுமிந்த விஜேசுந்தர தலைமையிலான குழு, நான்கு நாடுகளின் 25 மருத்துவமனைகளில் 1,401 பேரிடம் இதைச் சோதித்து லான்செட் இதழில் வெளியிட்டது. உடற்பயிற்சிச் சோதனையில் அந்த அளவை எட்ட முடியாதவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரைத்தான் மருத்துவரின் ஊகம் அடையாளம் கண்டிருந்தது. மாறாக, 1989-இல் உருவான ஒரு கேள்வித்தாள் அறுவைக்குப் பிந்தைய இதயச் சிக்கலை முன்னறிவதில் ஊகத்தைவிட நன்றாக உதவியது. டியூக் பல்கலைக்கழகத்தில் பிறந்த அந்தத் தாளில் 12 கேள்விகள். வீட்டு வேலை, நடை, படியேற்றம் பற்றியவை. அதிகபட்ச மதிப்பெண் 58.2. பின்னர் வந்த ஆய்வு, 34-க்குக் கீழே போனால் கவனம் தேவை என்றது. நேரில் பார்த்து ஊகிப்பதைவிட ஒழுங்காகக் கேள்வி கேட்பது மேல் என்பதற்கு இது வலுவான சான்று. அந்தக் கேள்விகளைத் தொலைபேசியிலும் கேட்கலாம்.

கேள்விகளை ஊருக்கேற்ப மாற்றிக் கேட்பதில்தான் திறமை. கோல்ஃப், பனிச்சறுக்கு பற்றி அந்தத் தாள் கேட்கிறது. தாம்பரத்து மூதாட்டியிடம் அவற்றைக் கேட்டுப் பயனில்லை. தாம்பரம் அல்லது குரோம்பேட்டை ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நடுவில் நிற்காமல் ஏறுகிறீர்களா, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து எவ்வளவு தூரம் வருவீர்கள், பெரும்பாக்கம் குடியிருப்பில் லிஃப்ட் ஓடாத நாளில் எத்தனையாவது மாடியில் மூச்சு வாங்குகிறது என்று கேட்டால் நம்பத்தகுந்த பதில் வரும். அந்தக் குடியிருப்புகள் தரைதளத்தோடு சேர்த்து 8 தளங்கள் கொண்டவை என்பதால் அங்கே வசிப்பவருக்குத் தன் மூச்சின் எல்லை துல்லியமாகத் தெரியும். மூட்டுவலியால் நடக்கவே முடியாதவரிடம் மட்டும் இந்தக் கேள்விகள் தோற்கும். கால் நிறுத்தியதா, இதயம் நிறுத்தியதா என்று பிரித்தறிய வேறு சோதனை வேண்டும்.

குறட்டை பற்றிய கேள்விக்கு நோயாளியைவிட அருகில் படுப்பவரே சரியான சாட்சி. தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் கோளாறு இருப்பவருக்கு மயக்கம் தெளியும் நேரத்தில் மூச்சு அடைபடும் ஆபத்து அதிகம். டொரன்டோவின் பிரான்சஸ் சங் 2008-இல் வெளியிட்ட கேள்விப் பட்டியலின் விரிந்த வடிவில் எட்டுக் கேள்விகள்: குறட்டை, பகல் களைப்பு, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாரேனும் பார்த்தார்களா, ரத்த அழுத்தம், உடல் பருமன், 50-ஐத் தாண்டிய வயது, 40 சென்டிமீட்டரைத் தாண்டிய கழுத்து, ஆண் பாலினம். மூன்றுக்கு ‘ஆம்’ வந்தாலே எச்சரிக்கை வேண்டும். கழுத்தளவை எடுக்க வீட்டிலிருக்கும் தையல் டேப்பே போதும்.

வீடியோவின் முழுப் பலன் தெரிவது மருந்து விசாரணையில். ‘காலையில ஒரு வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒரு மஞ்சள்’ என்று புறநோயாளிப் பிரிவில் சொல்பவர், வீட்டில் மருந்துப் பெட்டியையே கேமராவுக்கு முன் கவிழ்த்துவிடலாம். மருத்துவர் அட்டையின் பின்புறப் பெயரைப் படித்துக்கொள்வார். இது உயிர் காக்கும் வேலை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளை அறுவைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் அறிவுறுத்தியது. நிறுத்தாவிட்டால், ரத்தச் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகும் கீட்டோ நிலை வரலாம். சர்க்கரை அளவை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அது படாது. காப்புரிமை முடிந்து விலை குறைந்த பிறகு டாபாகிளிஃப்ளோசின் இந்தியாவில் மிகப் பரவலாகிவிட்டது. அறுவைக்கு முதல்நாள் வந்து சேரும் நோயாளியிடம் இதைக் கண்டுபிடித்தால் அறுவையைத் தள்ளிவைப்பது தவிர வழியில்லாமல் போகலாம். ஒரு வாரம் முன்னதாக வரும் தொலைபேசி அழைப்பு அந்த வீண் அலைச்சலைத் தடுக்கும். குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதற்கும் நாள் வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்துவது பேராபத்து.

சித்த மருந்துகளைக் கேட்டால்தான் சொல்வார்கள். தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் தாம்பரம் சானடோரியத்தில் இயங்குகிறது. இந்த வட்டாரத்தில் மூட்டுவலிக்கும் மூலத்துக்கும் சூரணமும் லேகியமும் எடுக்காத தெரு அரிது. நோயாளி அவற்றை ‘மருந்து’ பட்டியலில் சேர்ப்பதில்லை. அவற்றில் சில ரத்த உறைதலையோ மயக்க மருந்தின் செயலையோ பாதிக்கக்கூடும் என்பதால் மூலிகை மருந்துகளை அறுவைக்கு ஏறத்தாழ 2 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது மயக்கவியல் துறையின் பொதுவான அறிவுரை. கேள்வியில் இகழ்ச்சி தொனித்தால் பதில் வராது. மரியாதையோடு கேட்டால் டப்பாவையே எடுத்துக் காட்டுவார்கள்.

அடுத்தது கண்ணால் காண்பது. மயக்கத்தில் ஆழ்ந்தவரின் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்த முடியுமா என்பது மயக்கவியல் மருத்துவரின் பெரிய கவலை. ஆந்திரத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 1985-இல் இதற்கு எளிய வழி ஒன்றைச் சொன்னார். நோயாளி நேராக உட்கார்ந்து வாயை முழுதாகத் திறந்து நாக்கை நீட்டினால் உள்நாக்கும் அண்ணமும் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பது. குறைவாகத் தெரிந்தால் குழாய் செலுத்துவது கடினமாகலாம். அவர் பெயரால் வழங்கும் இந்தச் சோதனையை உலகின் எல்லா அறுவை அரங்குகளிலும் செய்கிறார்கள். வெளிச்சம் முகத்தில் விழ ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, ஃபோனை வாய் மட்டத்தில் வேறொருவர் பிடித்தால் வீடியோவிலும் செய்யலாம். கழுத்தைப் பின்னால் சாய்ப்பது, கீழ்ப் பற்களால் மேலுதட்டைக் கடிப்பது, ஆடும் பல், கழற்றும் பல்செட் எல்லாம் திரையில் தெரியும்.

நோயாளி தன் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் நுழைக்கும் சோதனைக்கு இந்தியாவில் தனி முக்கியத்துவம் உண்டு. பாக்கும் புகையிலையும் மென்றவர்களுக்கு வாயின் உட்தோலுக்கு அடியில் நார் படர்ந்து வாய் திறக்காமல் போகும் நோய் வருகிறது. தமிழ்நாட்டில் 2013-இல் குட்கா தடைசெய்யப்பட்டாலும் மெல்லும் பழக்கம் மறையவில்லை. இரண்டு விரல்கூட நுழையாத வாயை வீடியோவில் பார்த்துவிட்டால், விழித்திருக்கும்போதே மெல்லிய கேமராக் குழாயால் மூச்சுவழியைக் கையாளும் ஏற்பாட்டை மருத்துவமனை முன்கூட்டியே செய்துகொள்ளும்.

அளவுகளில் ரத்த அழுத்தம் வீட்டில்தான் உண்மை பேசுகிறது. மருத்துவமனைச் சூழலே பலருக்கு அழுத்தத்தை ஏற்றிவிடும். பிரிட்டனின் மயக்கவியல் சங்கமும் ரத்த அழுத்தச் சங்கமும் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முந்தைய ஓராண்டில் குடும்ப மருத்துவரிடம் 160/100-க்குக் கீழே பதிவாகியிருந்தால் அறுவையைத் தொடரலாம் என்றது. தமிழ்நாட்டில் இத்தகைய தொடர் பதிவுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள், அளந்தும் பார்க்கிறார்கள். அந்த அளவுகள் மயக்கவியல் மருத்துவரின் மேசைக்கு வந்து சேரும் வழியை அமைப்பது பெரிய செலவில்லாத, உடனே செய்யத் தக்க வேலை.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவிக்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஜப்பானின் தக்குவோ அயோயாகி 1974-இல் வடிவமைத்த கருத்தின்படி, சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலைக் கடக்கும்போது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை ஒப்பிட்டு ரத்தத்தின் ஆக்சிஜனை அது கணிக்கிறது. 2020-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு, கருவி காட்டிய அளவு சரியாகத் தெரிந்தும் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்ததைக் காட்டியது. தோலின் நிறம் கணிப்பை மாற்றுகிறது. மருதாணியும் நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் சேர்ந்தால் பிழை கூடும். 96 என்ற எண்ணை மட்டும் நம்பி, பேசும்போதே மூச்சிரைப்பவரை ‘நலம்’ என்று எழுதிவிடக் கூடாது.

தொலைவிலிருந்து கேட்க முடியாத ஒன்று இதயத்தின் முணுமுணுப்பு. சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்கள் இந்தியாவில் இன்னும் கணிசம். பலருக்கு அது தெரியாது. முதியவர்களுக்குப் பெருந்தமனி வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகுகிறது. அப்படிப்பட்டவருக்கு முதுகு ஊசி போட்டதும் ரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் சரிந்தால், குறுகிய வால்வு வழியே இதயத்தால் ஈடுகொடுக்க முடியாது. ஸ்டெதாஸ்கோப் வைத்த ஒரு நிமிடம் இதைக் காட்டிக்கொடுத்திருக்கும். ஆகவே நேரில் ஒருமுறையேனும் யாராவது நெஞ்சில் காது வைத்தாக வேண்டும். அது அறுவை மருத்துவராகவோ, அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவராகவோ இருக்கலாம். டிஜிட்டல் ஸ்டெதாஸ்கோப் இருந்தால் செவிலியர் வைக்க, மறுமுனையில் மயக்கவியல் மருத்துவர் கேட்கலாம். தேனியின் பார்வை மையம் கற்பித்த பாடம் இங்கேயும் பொருந்துகிறது.

நுரையீரலுக்கும் தாம்பரத்துக்கும் பழைய உறவு உண்டு. மருத்துவர் சவுரி முத்து 1928-இல் நிறுவி 1937-இல் அரசு ஏற்றுக்கொண்ட காசநோய் சானடோரியமே இன்றைய அரசு நெஞ்சக மருத்துவமனை. தாம்பரம் சானடோரியம் என்ற வட்டாரப் பெயரும் ரயில் நிலையப் பெயரும் அதிலிருந்து வந்தவை. காசநோய் குணமான பிறகும் நுரையீரலில் வடுவும் சுருக்கமும் தங்கிவிடும். ‘டி.பி. இருந்துதா?’ என்று கேட்டால் ‘அது எப்பவோ சரியாயிடுச்சு’ என்று கடந்துவிடுவார்கள்; எத்தனை மாதம் மருந்து சாப்பிட்டார், இப்போது படியேறினால் என்ன ஆகிறது என்று தொடர்ந்து கேட்க வேண்டும். இவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே அவசியம். டியூப் லைட்டில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய எக்ஸ்ரே படத்தில் நுண்மையான வடு மறைந்துபோகும். ஆய்வகத்திலிருந்து மூலக்கோப்பையே பெறுவது நல்லது.

அதற்காக எல்லோருக்கும் எல்லாப் பரிசோதனையும் எழுதுவது சரியல்ல. கண்புரை அறுவைகள் ஏறத்தாழ 19,000-ஐப் பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2000-இல் வெளிவந்தது. வழக்கமான ரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் சிக்கல்களில் வேறுபாடு இல்லை. தொலைபேசியில் நன்றாக விசாரித்தபின் தேவையானதை மட்டும் எழுதினால், நோயாளி ஒரே பயணத்தில் அவற்றை முடித்துவிடலாம்.

யாரைத் தொலைவிலிருந்து பார்க்கலாம் என்பதற்கு அமெரிக்க மயக்கவியல் சங்கத்தினர் 1941-இல் தொடங்கிவைத்த தரவரிசை உதவுகிறது. நோயற்றவர் முதல் நிலை. கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம் உள்ளவர் இரண்டாம் நிலை. சிறிய, நடுத்தர அறுவைக்கு வரும் இந்த இரு நிலையினருக்கு வீடியோ மதிப்பீடு பொருத்தமானது. மூன்றாம் நிலையினரை வீடியோவில் தொடங்கி நேரில் முடிக்கலாம். நெஞ்சுவலி கூடிக்கொண்டே போகிறவர், படுத்தால் மூச்சுத் திணறுபவர், வாய் திறக்காதவர், பெரிய இதய, நுரையீரல் அறுவைக்கு வருபவர் ஆகியோரை முதலிலிருந்தே நேரில்தான் பார்க்க வேண்டும். காது கேளாத முதியவரிடமும் நினைவு தடுமாறுபவரிடமும் திரை மேலும் ஒரு சுவராகிவிடும்.

அழைப்பு நடக்கும் முறைக்கும் விதிகள் இருக்கின்றன. மருத்துவரும் நோயாளியும் ஒருவர் மற்றவரின் அடையாளத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும். நோயாளி தானே அழைத்தால் சம்மதம் உண்டென்று கொள்ளலாம்; சுகாதாரப் பணியாளரோ மருத்துவரோ அழைத்தால் வெளிப்படையாகச் சம்மதம் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். மைனரான நோயாளியோடு பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். போதை மருந்துச் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுத முடியாது. உரையாடலின் பதிவும் பரிசோதனை முடிவுகளும் பாதுகாக்கப்பட வேண்டும்.

விதிகளில் எழுதப்படாத சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது. நம் வீடுகளில் ஃபோனைப் பிடிப்பவர் மகனாக இருப்பார், பதில் சொல்பவர் மருமகளாக இருப்பார், நோயாளி நடுவில் சும்மா உட்கார்ந்திருப்பார். ‘அப்பா குடிக்கிறதெல்லாம் விட்டுட்டாருங்க’ என்று பக்கத்தில் ஒருவர் சொல்லும்போது அவர் எப்படி மறுப்பார்? தினமும் குடிப்பவருக்கு அறுவைக்குப் பின் வரும் நடுக்கமும் குழப்பமும் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் உண்மை தெரிந்தாக வேண்டும். கருவுற்றிருக்கும் வாய்ப்பு பற்றி மாமியார் முன்னால் கேட்பதும் இப்படியே. தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கான அரசின் இலவச ஏ.ஆர்.டி. மருந்தை வழங்கத் தொடங்கிய முதல் மையங்களில் ஒன்று. வீட்டாருக்குச் சொல்லாமலே அந்த மருந்தை எடுப்பவர்கள் உண்டு. அவற்றில் சில மயக்க மருந்துகளின் செயலை மாற்றும். ஆகவே உரையாடலில் சில நிமிடமாவது நோயாளி தனியாக, காதில் இயர்ஃபோன் வைத்து, ‘ஆமாம்’ ‘இல்லை’ என்று மட்டும் பதில் சொன்னால் போதும்படி கேட்பது நல்ல முறை. ஒற்றை அறைக் குடியிருப்பில் அதுவும் முடியாதென்றால், நேரில் வரச்சொல்வதே சரி.

மழைக்காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. அப்போது மின்சாரமும் செல்பேசிச் சமிக்ஞையும் சேர்ந்தே போயின. வடகிழக்குப் பருவ மாதங்களில் தேதி குறிக்கும்போது மதிப்பீட்டைச் சற்று முன்னதாக முடித்துக்கொள்வது உத்தமம்.

மதிப்பீடு முடிந்ததும் அறிவுரைகளை எழுத்தில் தமிழில் அனுப்ப வேண்டும். எந்த மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்துவது, எதை அறுவை நாள் காலையிலும் ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்குவது என்பதை மாத்திரைப் பெயரோடு எழுதுவது பாதுகாப்பு. பட்டினி பற்றிய அறிவுரையில் குழப்பம் அதிகம். வயிற்றிலிருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை நியூயார்க்கின் கர்ட்டிஸ் மென்டல்சன் 1946-இல் விவரித்தார். அதிலிருந்து வளர்ந்த இன்றைய விதி: இட்லி போன்ற எளிய உணவுக்கு 6 மணி நேரம், எண்ணெயில் பொரித்ததற்கும் கறிக்கும் 8 மணி நேரம், பசும்பாலுக்கு 6, தாய்ப்பாலுக்கு 4, தண்ணீருக்கு 2. ‘வெறும் வயிறு’ என்றால் காலைக் காபி சேராது என்று எண்ணுபவர்கள் நம்மிடையே மிகுதி. பால் கலந்த காபியும் நீர்மோரும் உணவுக் கணக்கில்தான் சேரும் என்று பெயர் சொல்லியே எழுத வேண்டும். இன்னொரு பக்கம், முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீரும் குடிக்காமல் வாடி வருபவர்களும் உண்டு. 2 மணி நேரம் முன்புவரை தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் அதே தாளில் சொல்ல வேண்டும்.

அறுவை நாள் காலை நோயாளி வந்து சேர்ந்ததும் மயக்கவியல் மருத்துவர் அவரை நேரில் பார்க்கிறார். பெயரையும் அறுவை செய்யும் பக்கத்தையும் உறுதிசெய்து, நெஞ்சைக் கேட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, முதுகையும் கை நரம்புகளையும் பார்த்து, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளந்து, கடைசியாக என்ன சாப்பிட்டார், எந்த மாத்திரை போட்டார், தொலைபேசியில் பேசிய பிறகு காய்ச்சலோ சளியோ வந்ததா என்று கேட்கிறார். திரையில் எழுதிய குறிப்போடு இவை ஒத்துப்போனால், மயக்கத்துக்கான சம்மதப் படிவத்தில் நோயாளி கையெழுத்திட்ட பிறகு அரங்குக்கு அழைத்துச் செல்கிறார்கள். முரண்பட்டால் அறுவை மருத்துவரிடம் பேசித் தேதியை மாற்றுகிறார்கள்.